காருக்குள் மறைவாக யு.எஸ்.பி. போர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காருக்குள் கூடுதல் யு.எஸ்.பி. போர்ட் பொருத்துவது குறித்து வந்த கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தேன். அனுப்பியவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்றாலும் எல்லோருடைய விருப்பமும் ஒன்றாகவே இருந்தது: வயர் கண்ணில் படக் கூடாது. நியாயமான விருப்பம்தான். கியர் லீவரின் மேல் புரளும் வயர் பார்வைக்கு அசிங்கமாக இருப்பதோடு, திருப்பத்தில் ஓட்டுபவரின் கையிலும் சிக்கும். ஆனால் மறைவான இடத்தில் ஒரு வயர் உரசினாலும் சூடானாலும் அதுவும் மறைவாகவே நடக்கும் என்பதை நாம் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். வெளியே தொங்கும் வயரை விட உள்ளே போகும் வயருக்குத்தான் அதிகக் கவனம் தேவை. இந்த எண்ணத்தோடுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் காரில் முன்பக்கம் பழைய சிகரெட் லைட்டர் சாக்கெட் ஒன்று மட்டுமே உள்ளது. ஆம்ரெஸ்ட் பெட்டிக்குள் ஒரு சி வகை போர்ட்டையும் ஒரு ஏ வகை போர்ட்டையும் வெளியே தெரியாமல் பொருத்த விரும்புகிறேன். மின்சாரத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும்? எந்த அளவு வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

பதில்: கையில் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். சி போர்ட் 45 வாட், ஏ போர்ட் 18 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 63 வாட். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகவோ 9, 15, 20 வோல்ட்டாகவோ மாற்றித் தரும் கன்வர்ட்டர் நல்லதாக இருந்தால், உள்ளே போகும் திறனில் ஏறக்குறைய 90 சதவீதம் வெளியே வரும். அப்படியானால் காரிலிருந்து 70 வாட் எடுக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. இதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸும், 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வாகன வயரும் போதும். ஃபியூஸ் காப்பது உங்கள் போனை அன்று, அந்த வயரை. ஆகவே வயர் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட ஃபியூஸை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று 20 ஆம்பியரைச் சொருகி, ஃபியூஸுக்குப் பதிலாக வயரை எரிய விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் எடுப்பதற்கு ஏற்ற இடம் காருக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ். அதில் பவர் சாக்கெட்டுக்கான ஃபியூஸ் எது என்று மூடியிலோ கையேட்டிலோ குறித்திருப்பார்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கணினி, பவர் ஸ்டீயரிங் ஆகியவற்றின் ஃபியூஸ்களை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். உயிரைக் காக்கும் பாகத்தோடு போன் சார்ஜர் பங்கு போடக் கூடாது. பவர் சாக்கெட்டின் ஃபியூஸை உருவிவிட்டு அந்த இடத்தில் இரட்டை ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றைச் சொருகினால், பழைய ஃபியூஸ் ஒரு தட்டிலும் புதிய இணைப்புக்கான ஃபியூஸ் இன்னொரு தட்டிலும் அமரும். காரின் வயரை வெட்டவும் வேண்டாம், தோலை உரிக்கவும் வேண்டாம். பிற்காலத்தில் கழற்ற நினைத்தால் கார் பழையபடியே இருக்கும்.

இந்த ஹோல்டரை எப்படித் திருப்பிச் சொருகினாலும் அது வேலை செய்யும். பலர் தவறுவது அங்கேதான். தலைகீழாகச் சொருகினால் புதிய போர்ட்டுக்குப் போகும் மின்னோட்டமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போய், இரண்டின் சுமையும் அதன் மேல் விழும். சரிபார்ப்பது எளிது. பழைய ஃபியூஸின் தட்டைக் காலியாக விட்டு, புதிய ஃபியூஸை மட்டும் ஹோல்டரில் வைத்துச் சொருகுங்கள். சாவியை ஆக்சசரி நிலைக்கு (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) திருப்பி, ஹோல்டரிலிருந்து வரும் வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் சரியான பக்கம். ஒன்றும் காட்டாவிட்டால் ஹோல்டரை உருவித் திருப்பிச் சொருகுங்கள். ஒரு நிமிட வேலை. இதைத் தவிர்த்துவிட்டு டேஷ்போர்டை மூடாதீர்கள்.

மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் வயரை, காரில் ஏற்கெனவே எர்த்துக்காக உள்ள போல்ட்டில் வளைய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இணைக்கலாம். சீட் பெல்ட்டையோ சீட்டையோ தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி அதில் எர்த் கொடுப்பது தவறு. அந்த போல்ட்டுகள் குறிப்பிட்ட முறுக்கத்தில் இறுக்கப்பட்டவை, விபத்தில் மனிதனைப் பிடித்து வைத்திருப்பவை.

அடுத்தது வயர் போகும் வழி. பல ஆண்டுகளுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. கருகிய வாடை வருகிறது என்று மட்டும்தான் உரிமையாளர் சொன்னார். முன் சீட்டைக் கழற்றிக் கம்பளத்தை விலக்கியபோது, யாரோ பொருத்திக் கொடுத்திருந்த யு.எஸ்.பி. வயர் சீட் தண்டவாளத்தின் அடியில் போயிருந்தது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த, தண்டவாளத்தின் விளிம்பு வயரின் தோலைச் சீவியிருந்தது. வெளியே தெரிந்த செம்பு இழைகள் கறுத்து, கம்பளத்தின் அடிநுரை உள்ளங்கை அகலத்துக்கு உருகிக் கெட்டித்துப் போயிருந்தது. அந்த வயரைப் பேட்டரியிலிருந்து நேரடியாக எடுத்திருந்தார்கள். நடுவில் ஃபியூஸ் கிடையாது. இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்திருந்தாலே, முதல் தடவை வயர் இரும்பில் பட்டபோது அது போயிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது.

ஆகவே கன்சோலின் பக்கவாட்டில், அசையும் பாகம் எதுவும் இல்லாத வழியாக வயரைக் கொண்டுபோங்கள். இரும்பு விளிம்பைக் கடக்கும் இடங்களில் நெளிவுக் குழாயை மாட்டுங்கள். ஹேண்ட் பிரேக், கியர் லீவர், பெடல்கள் ஆகியவற்றை முழுத் தூரம் இயக்கிப் பார்த்து, எங்கும் வயர் இழுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள். சுற்றுவதற்குத் துணி டேப்பே நல்லது. சாதாரண பிளாஸ்டிக் டேப் வெயிலில் பசை இளகி, சில மாதங்களில் வழுக்கிக்கொண்டு போய்விடும். தவிர, துணி டேப் சுற்றிய வயர் பிளாஸ்டிக்கில் தட்டிக் கடகடவென்று சத்தம் போடாது. இணைப்புகளை நல்ல கிரிம்பிங் கருவியால் (உலோக முனையை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்க வைக்கும் இடுக்கி) அழுத்துங்கள். ஓடும் வயரின் மேல் கவ்விக் கடிக்கும் நீலநிற, சிவப்புநிற பிளாஸ்டிக் கிளிப்புகளை நான் பயன்படுத்துவதில்லை. அவை இழைகளில் சிலவற்றை வெட்டிவிடுகின்றன. அதிர்வில் பிடியும் தளர்ந்துவிடுகிறது.

துளை போட வேண்டியிருந்தால் டேஷ்போர்டில் போடாதீர்கள். பல கார்களில் பயன்படாத சுவிட்ச்சின் இடத்தை மூடியிருக்கும் வெற்றுத் தகடு ஒன்று இருக்கும். அதிலோ ஆம்ரெஸ்ட் பெட்டியின் உள்சுவரிலோ போடுங்கள். கை தவறினாலும் அந்தச் சிறு துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: போர்ட் பொருத்திய பிறகு, வெளியூர் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. போன் எதையும் சொருகி வைக்கவில்லை. போர்ட்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். போன் இல்லாவிட்டாலும் கன்வர்ட்டர் விழித்துக்கொண்டே இருக்கும். நீல விளக்கோ வோல்ட் காட்டும் எண்களோ உள்ள போர்ட் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாக எடுக்கும். அது 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிக்கு அருகில் வருகிறது. முப்பது நாளில் 14.4 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி 45 ஆம்பியர்-மணி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கை யாரும் பயன்படுத்தாத ஒரு போர்ட் குடித்துவிட்டது. காரின் பூட்டு, அலாரம், கணினி ஆகியவை தம் பங்குக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேரும்போது, சற்று வயதான பேட்டரி தாங்குவதில்லை.

உங்கள் போர்ட், சாவியை எடுத்த பிறகும் உயிருடன் இருக்கும் லைனில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். சாவியோடு அணையும் லைனுக்கு மாற்றுங்கள். சோதிக்கும்போது அவசரம் கூடாது. சில கார்களில் சாவியை எடுத்தாலும் கதவைத் திறக்கும்வரை அந்த லைன் அணையாது. சிலவற்றில் கணினிகள் முழுமையாக உறங்கப் பல நிமிடங்கள் ஆகும். காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, போர்ட்டின் விளக்கு எரிகிறதா என்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். விளக்கு இல்லாத போர்ட் என்றால் ஒரு பழைய போனைச் சொருகி வைத்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பின் சீட்டில் பிள்ளைகளுக்காக, முன்னால் உள்ள சார்ஜரிலிருந்து 3 மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயரைக் கம்பளத்தின் அடியில் கொண்டுபோனேன். 'சார்ஜ் ஆகிறது' என்று காட்டுகிறது. ஆனால் சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. சார்ஜர் பழுதா?

பதில்: சார்ஜர் மேல் பழி போட வேண்டாம், குற்றம் வயரில். விலை குறைந்த நீட்டிப்பு வயர்கள் பலவற்றின் உள்ளே மின்சாரம் போகும் இழை தலைமுடிக் கற்றை அளவுதான் இருக்கும். 28 கேஜ் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும்) செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை. போக 3 மீட்டர், வர 3 மீட்டர், ஆக 6 மீட்டருக்கு 1.3 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் அனுப்பினால் போனுக்குச் சேர்வது 3.7 வோல்ட். வோல்ட் சரிவதைப் போன் உணர்ந்து, எடுக்கும் அளவைத் தானே குறைத்துக்கொள்கிறது. அரை ஆம்பியரும் எடுக்காமல் ஏதோ இரண்டு வாட்டில் முனகிக்கொண்டிருக்கும். திரை ஒளிர்ந்து வீடியோ ஓடினால் செலவு அதைவிட அதிகம். எண் இறங்கத்தானே செய்யும்?

வழி இதுதான்: தூரத்தை 12 வோல்ட்டிலேயே கடந்துவிடுங்கள், 5 வோல்ட்டாக மாற்றுவதைப் பின் சீட்டின் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 6 மீட்டரை 1 சதுர மில்லிமீட்டர் வயரில் கடந்தால் மின்தடை 0.1 ஓம் அளவுதான். 2 ஆம்பியருக்கு 0.2 வோல்ட் இழப்பு. 12 வோல்ட்டில் அதைக் கன்வர்ட்டர் ஒரு பொருட்டாகவே நினைக்காது, வெளியே சரியாக 5 வோல்ட்டைக் கொடுக்கும். மறைவாகப் பொருத்தும் வேலைகளில் பயன்படும் சூத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கன்சோலின் பின்முகத்தில் கால்மட்டத்துக்குச் சற்று மேலே கன்வர்ட்டரோடு கூடிய போர்ட்டைப் பதித்தால், பிள்ளைகளின் கையில் இருக்கும் வயர் அரை மீட்டரோடு முடிந்துவிடும். விரைவு சார்ஜ் வேண்டுமானால் இது இன்னும் அவசியம். சி வகை வயரை நீட்டிப்பு வயர் கொண்டு நீட்டுவதை யு.எஸ்.பி. தரவிதிகளே ஏற்பதில்லை.

கேள்வி: புதிதாகப் பொருத்தும் போர்ட்டில், போனின் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுக்கும் போர்ட் சார்ஜுக்கு மட்டுமே; காரின் திரையோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏற்கெனவே உள்ள போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் வயரும் பயன் தராது, ஏனென்றால் ஒரு யு.எஸ்.பி. இணைப்பில் ஒரு கருவிதான் பேச முடியும். திரையோடு பேசும் போர்ட் மறைவாக வேண்டுமென்றால், திரையின் பின்னால் உள்ள மூல இணைப்பையே நல்ல தரமான, உறையிட்ட, முடிந்தவரை குட்டையான வயர் கொண்டு ஆம்ரெஸ்ட் பெட்டிக்குள் இடம் மாற்ற வேண்டும்.

கேள்வி: முன்கண்ணாடியின் மேல் டேஷ்கேம் வைக்க, பின்பார்வைக் கண்ணாடியின் அருகே ஒரு போர்ட் தேவை. முன்தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் வயரைத் திணித்துவிடலாமா?

பதில்: 'திணித்து' என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. உங்கள் காரில் பக்கத் திரை ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூணின் மூடியிலோ கூரையோரத்திலோ அதைக் குறிக்கும் எழுத்துகள் பொறித்திருக்கும். அந்த ஏர்பேக் கூரையின் ஓரத்தில் பாய் போல் சுருட்டி வைக்கப்பட்டு, பல கார்களில் முன்தூண் வரை இறங்கி வருகிறது. மோதலில் அது நொடியின் நூற்றில் சில பங்கு நேரத்தில் விரிய வேண்டும். குறுக்கே ஒரு வயர் கட்டிக் கிடந்தால் அது விரிவதைத் தடுக்கலாம். அல்லது அந்த வயரும் கிளிப்பும் பயணியின் முகத்தை நோக்கித் தெறிக்கலாம்.

வயர் எப்போதும் ஏர்பேக்கின் பின்புறமாக, தகட்டை ஒட்டி, காரின் சொந்த வயர்க் கற்றையோடு சேர்ந்து போக வேண்டும். ஏர்பேக்கைக் குறுக்காக முன்புறம் கடக்கவே கூடாது. அதன் பையோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. இதற்கு மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். ஏர்பேக் கணினி சற்று நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். சில கார்களில் தூண் மூடியைப் பிடிக்கும் கிளிப்புகள் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. கழற்றினால் புதியது போட வேண்டும். மஞ்சள் நிற கப்ளரோ மஞ்சள் உறையிட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது என்று கொள்ளுங்கள். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பை அதில் வைத்தால், அதன் வழியே ஓடும் மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்கச் செய்துவிடக் கூடும். இவற்றில் எந்த ஒரு படியிலாவது தயக்கம் இருந்தால், ஏர்பேக் வேலையில் பழக்கமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இந்த ஒரு பதிலில் மட்டும் நான் சற்றும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கூரை விளக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். பல புதிய கார்களில் அந்த விளக்கைக் கணினி இயக்குகிறது: மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, சில நிமிடங்களில் அணைத்துவிடும். அதில் டேஷ்கேம் நிலையாக ஓடாது. மின்னோட்டம் கூடினால் கணினி அந்த லைனையே நிறுத்திவிடவும் கூடும்.

கேள்வி: போர்ட்டில் போனைச் சொருகினால் எஃப்.எம். ரேடியோவில் இரைச்சல் வருகிறது.

பதில்: கன்வர்ட்டர் மின்சாரத்தை ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான முறை துண்டித்து இணைத்துத்தான் வோல்ட்டைக் குறைக்கிறது. அந்தத் துடிப்பின் எதிரொலிகள் எஃப்.எம். அலைவரிசை வரை நீளும். வடிகட்டி சரியாக இல்லாத கன்வர்ட்டரில் அவை வயரின் வழியாக வெளியேறி, ஆன்டெனா வயருக்குள் புகுந்துவிடுகின்றன. மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, கன்வர்ட்டரை இங்கும் அங்கும் நகர்த்திப் பாருங்கள். ஆன்டெனா வயரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தாலே பல நேரங்களில் அடங்கிவிடும். 12 வோல்ட் வயரையும் எர்த் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுவதும், கன்வர்ட்டரின் அருகிலேயே, வயர் வழி வரும் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தைக் கவ்வ விடுவதும் உதவும். இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் கன்வர்ட்டரை மாற்றுங்கள். அதோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை.

கேள்வி: எங்களுடையது மின்சாரக் கார். அதற்கும் இதே முறைதானா?

பதில்: பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் விளக்கு, பூட்டு, ரேடியோ ஆகியவற்றுக்குத் தனியாக 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஆகவே உட்புற ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுக்கும் முறை அதேதான். ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அது உயர் மின்னழுத்தம், தொட்டால் உயிர் போகும். 48 வோல்ட் அமைப்புக்கு மாறிய வாகனங்களும் வந்துவிட்டன. லாரிகளில் 24 வோல்ட். கன்வர்ட்டரின் மேல் எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் இணைக்காதீர்கள்.

கேள்வி: கிளவ் பாக்ஸுக்குள் போர்ட் வைத்து, போனையும் உள்ளேயே வைத்து மூடிவிடுகிறேன். எடுக்கும்போது போன் கொதிக்கிறது. கன்வர்ட்டர் சத்தம் போடாமல் இருக்க அதை ஸ்பாஞ்ச் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறேன். ஆபத்தா?

பதில்: ஸ்பாஞ்ச்சை இன்றே எடுத்துவிடுங்கள். 63 வாட் கொடுக்கும் கன்வர்ட்டர், 90 சதவீதத் திறனிலும், 7 வாட்டை வெப்பமாக வெளியேற்றுகிறது. 7 வாட் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் தீப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டியைக் காற்றுப் புகாமல் போர்த்திவிட்டால் அந்த வெப்பம் போக இடம் இல்லை. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமானது. அதன் மேல் இதுவும் ஏறுகிறது. கன்வர்ட்டரை உலோகத் தாங்கி ஒன்றில் கவ்வி வையுங்கள். வெப்பமும் இறங்கும், ஆட்டமும் நிற்கும், ஸ்பாஞ்ச்சும் தேவைப்படாது. டேஷ்போர்டின் மேற்பரப்புக்கு நேர் கீழே வைக்காமல் கால்பக்கம் தாழ்வாக வைப்பது நல்லது.

போனைப் பொறுத்தவரை, மூடிய பெட்டிக்குள் விரைவு சார்ஜ் போடுவது அதன் பேட்டரிக்கு நல்லதல்ல. சூடு ஏறினால் போனே சார்ஜின் வேகத்தைக் குறைத்துவிடும், சில நேரம் நிறுத்தியும் விடும். ஆகவே மூடி வைத்துப் பெறும் பயனும் இல்லை. பெட்டியின் விளிம்பில் வயர் நசுங்காமல் வெளியே வர ஒரு சிறு பள்ளம் அறுத்துவிட்டு, போனை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லா மூடிகளையும் மாட்டிவிடாதீர்கள். இரண்டு போர்ட்டிலும் சார்ஜ் குறைந்த போன்களைச் சொருகி, எஞ்சினை ஓட விட்டு, அரை மணி நேரம் கழித்துக் கன்வர்ட்டரையும், ஒவ்வோர் இணைப்பையும், ஃபியூஸ் ஹோல்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். கன்வர்ட்டர் வெதுவெதுப்பாக இருக்கலாம். இணைப்புகளும் ஹோல்டரும் சுடக் கூடாது. ஏதாவது ஓர் இணைப்பு மட்டும் சுட்டால் அங்கே கிரிம்ப் சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கடைசியாக, புதிய ஃபியூஸ் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை ஆம்பியர், எந்தப் போர்ட்டுக்கு என்று ஒரு சீட்டில் எழுதி ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்தக் காரில் கை வைப்பவர் நீங்களாகவே இருந்தாலும், சில ஆண்டுகள் கழித்து அது நினைவில் இருக்காது.